முதல் தகவல் அறிக்கையிலேயே தோற்காதீர்கள்

தோழர்களே, சேரி இளைஞனைச் சாதிப் பெயர் சொல்லி அடித்தவன்மீது வெறும் காயப் பிரிவில் மட்டும் வழக்குப் பதிவதைக் கவனக்குறைவு என்று நம்பாதீர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்களுக்கு, 'பிளீ பார்கெயினிங்' என்னும் குற்ற ஒப்புதல் பேரம் கிடையாது; 2006ஆம் ஆண்டு அறிவிக்கை விலக்கியிருக்கிறது. நன்னடத்தையில் விடுவிக்கும் அதிகாரமும் நீதிபதிக்கு இல்லை. பிரிவு 19 தடுக்கிறது. அந்தச் சட்டத்தை விட்டுவிட்டால் இரண்டு கதவுகளும் திறந்துகொள்ளும். பேரம் பேசிக் குறைந்த தண்டனையோடு அவன் வெளியே வருவான். வழக்கமான மேல்முறையீடும் இல்லை. பிறகு நாம் வன்கொடுமை வழக்குக் கேட்டால், "ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனையா?" என்று அரசமைப்பின் 20(2)ஐத் தூக்கிக் காட்டுவான்.

அந்தக் கேடயம் நமக்கும் வேண்டும். அதை ஆதிக்கச் சாதிக்காரன் கையில் கொடுப்பது யார் என்பதே கேள்வி.

பேரம் படியும் முன்பே விடுபட்ட பிரிவைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். தீர்ப்பு வந்தபின் சாலையில் அமர்ந்து பயனில்லை.