ஜோசியனைக் கேட்கிறவர்கள் கண்டிராக்டரைக் கேட்பதில்லை

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு கட்டப் புறப்படும் நம்மவர்கள், வாஸ்து பார்க்கவும் நாள் குறிக்கவும் ஜோசியன் வீட்டுக்கு நாலு நடை நடக்கிறார்கள். ஆனால் கண்டிராக்டரிடம், "இதற்குமுன் நீர் கட்டிய கட்டடங்களுக்கு மாநகராட்சி அனுமதித்த பிளான் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் அவர் கோபித்துக் கொள்வாராம்!

2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபமொன்றில் கீற்றுக்கூரை தீப்பற்றி, மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அதுவும் முகூர்த்த நாள்தான். பஞ்சாங்கம் நேரத்தைச் சொல்லிற்றேயன்றிக் கூரையைப் பற்றிச் சொன்னதா?

தோழர்களே! கண்டிராக்டர் கட்டிய இரண்டு மூன்று கட்டடங்களின் விலாசத்தை வாங்கி, நேரில் போய்ப் பாருங்கள். பிளானைக் காட்ட மறுத்தால், 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிக்கு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய்; புரோகிதன் தட்சணைக்கு முன் இது எம்மாத்திரம்? பிளானில் ஒரு மாடியும் தெருவில் மூன்று மாடியும் இருக்குமானால், அவர் கையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.