'டாலர்ல சம்பளம், உலகம் சுத்தலாம்!' - சொகுசுக் கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

சென்னை: வீட்டுல கேட்டரிங் படிச்ச பையன் இருக்கானா? அப்படீன்னா "கப்பல்ல ஆள் எடுக்குறாங்க, மாசம் ஆயிரம் டாலர், சாப்பாடு ஃப்ரீ, தங்க இடம் ஃப்ரீ" என்ற பேச்சு அந்த வீட்டுக்கு எப்படியும் ஒருமுறை வந்திருக்கும். சொல்றது ஒரு மாமாவா இருக்கும், இல்லாட்டி ஏஜென்ட்டா இருக்கும். சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

2022 ஜூன் 4ம் தேதி சென்னை துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்த கோர்டிலியா கப்பல் நினைவிருக்கலாம். டிவியில் காட்டியது நீச்சல் குளம், டான்ஸ் மேடை, பளபள லிப்ட். அந்தக் குளத்துக்குப் பல மாடி கீழே, ஜன்னல் இல்லாத ரூமில், மேல் கட்டில் கீழ் கட்டில் போட்டு ரெண்டு பேர், சில கப்பலில் நாலு பேர் படுத்திருப்பதை எந்தக் கேமராவும் காட்டவில்லை. நாம பேசப் போறது அந்தக் கீழ்த்தளத்தைப் பற்றித்தான்.

சொகுசுக் கப்பல் என்பது மிதக்கும் ஓட்டல். கப்பலை ஓட்டுறவங்க கொஞ்சம் பேர். சமைக்க, பரிமாற, பாத்திரம் கழுவ, படுக்கை விரிக்க, துணி துவைக்கத்தான் ஆள் பட்டாளம். 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் மட்டும் ஊழியர்கள் சுமார் 2,350 பேர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா இந்த மூணு நாட்டுக்காரங்க இல்லாம உலகத்தில் பல கப்பலில் காலை டிபன் கூட ரெடியாகாது. நம்ம நாட்டில் கோவா, மும்பை பசங்கதான் முதலில் போனாங்க. தமிழ்நாட்டுப் பசங்க பின்னாடியே ஏறினாங்க.

லீவே கிடையாதா?

கிடையாது. இதுதான் முதல் அதிர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் எதுவும் கப்பலுக்குத் தெரியாது. கான்ட்ராக்ட் பொதுவா 6 மாசம் முதல் 9 மாசம் வரை. அத்தனை நாளும் தினம் 10, 11 மணி நேர வேலை. ஒரு முழு நாள் ஓய்வு என்பது அநேகமாக இல்லவே இல்லை. கப்பல் கரையில் நிற்கும்போது ஷிப்ட் இடைவெளியில் மூணு மணி நேரம் வெளியே போகலாம். 'உலகம் சுத்தலாம்' என்பது இதுதான். பலருக்கு அந்த நேரத்தில் துறைமுக வாசலில் வைஃபை தேடி வீட்டுக்கு வீடியோ கால் போடவே சரியா இருக்கும்.

சட்டம் ஒண்ணும் இல்லையா? இருக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2006ம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இந்தியா 2015ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கு. 'வாரம் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது' என்று வைக்கலாம். அல்லது 'வாரம் 77 மணி நேரம் ஓய்வு கொடு' என்றும் வைக்கலாம். கப்பலின் கொடி எந்த நாடோ அந்த நாடு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77 போனால் மிச்சம் 91. அதாவது தினம் 13 மணி நேரம் வேலை வாங்கினாலும் அது சட்டப்படி சரி! ஒரு நாளில் கொடுக்க வேண்டிய 10 மணி நேர ஓய்வைக் கூட இரண்டு துண்டாக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரம் இருந்தால் போதும். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தால் சட்டத்துக்குத் திருப்தி. உடம்புக்குத்தான் இல்லை.

கொடி விஷயத்திலும் சூட்சுமம் உண்டு. கம்பெனி அமெரிக்காவில் இருக்கும், கப்பல் பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடியில் ஓடும். வரியும் குறைவு, அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தும் பெருமளவு தப்பிக்கலாம்.

ஆயிரம் டாலர், நிஜத்தில் எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு மாசம் 1,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். 8 மாசம் வேலை, 8,000 டாலர். அடுத்து 2 மாசம் வீட்டில். அந்த 2 மாசத்துக்கு ஓட்டல் பிரிவு ஊழியர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. 10 மாசத்துக்குப் பிரித்தால் 800 டாலர்தான் நிற்கும். டாலருக்கு 85 ரூபாய் போட்டால் 68 ஆயிரம். தினம் 10 மணி நேரம், மாசம் 300 மணி நேர வேலை என்றால், கப்பலில் ஒரு மணி நேரக் கூலி 3 டாலர் 33 சென்ட். நம்ம கணக்கில் 283 ரூபாய்.

அடிமட்டச் சம்பளத்துக்கு ஒரு ஒப்பீடு. 2025ல் 'ஏபிள் சீமேன்' என்ற கப்பல் மாலுமிக்கு சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 673 டாலர். அதே 85 ரூபாய் கணக்கில் 57 ஆயிரத்துச் சொச்சம். ஓட்டல் பிரிவுக்கு இது பொருந்தாது. அங்கே கம்பெனியும் யூனியனும் பேசி முடிப்பதுதான் சம்பளம். ரூம் பாயும் வெயிட்டரும் டிப்ஸில் தேறிடுவாங்க. கிச்சனில் பாத்திரம் கழுவுறவருக்கு அது பெரும்பாலும் எட்டாது.

இதை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சென்னை ஓட்டலில் 20 ஆயிரம் வாங்குற பையன் ரூம் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் போக மாசம் 5 ஆயிரம் மிச்சம் பிடிச்சா பெரிய விஷயம். கப்பலில் செலவழிக்க வழியே இல்லை. கேன்டீன் கடன், கப்பல் பார், இன்டர்நெட் கார்டு மூணிலும் கையைக் கட்டுப்படுத்தினால் சம்பளத்தில் பெரும்பகுதி அப்படியே வீட்டுக்கு வரும். தங்கச்சி கல்யாணமும், ஓட்டு வீடு மாடி வீடானதும் இந்தக் காசில்தான் நடக்குது. பாத்திரம் கழுவப் போனவர் நாலைந்து கான்ட்ராக்டில் குக் ஆவதும் உண்டு. ஊர்ல அதுக்குப் பத்து வருஷம் பிடிக்கும்.

ஆனால் பி.எப்., பென்ஷன் பெரும்பாலும் கிடையாது. அடுத்த கான்ட்ராக்ட் வருமா என்பது மேலதிகாரி எழுதும் ரிப்போர்ட்டிலும், பயணிகள் போடும் மார்க்கிலும் இருக்கு. சிரிக்க மறந்தாலும் மார்க் போயிடும்.

கொரோனா காட்டிய முகம்

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் முடங்கியபோது உள்ளே 3,711 பேர். 700 பேருக்கு மேல் தொற்று. பயணிகளை ரூமுக்குள் பூட்டினார்கள். அவர்களுக்கு மூணு வேளையும் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தது யார்? ஒரே ரூமில் இரண்டு பேராகப் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட ஊழியர்கள்தான். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பிப்ரவரி 27ல் தனி விமானம் போய் 119 இந்தியர்களை டெல்லிக்குக் கூட்டி வந்தது.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். உலகம் முழுக்கப் பயணிகளை இறக்கிவிட்டார்கள். ஊழியர்களை இறக்க நாடுகள் விடவில்லை. அமெரிக்காவில் இறங்கினாலும் சாதாரண விமானத்தில் ஏறக்கூடாது என்று தடை. மாசக் கணக்கில் நடுக்கடலில் கிடந்தவர்களில் பலருக்குக் கான்ட்ராக்ட் முடிந்ததோடு சம்பளமும் நின்றது. 2022 ஜனவரியில் ஜென்டிங் ஹாங்காங் நிறுவனம் திவாலானபோது அதன் கப்பல் ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

ஆபத்து நேரத்தில் வெயிட்டரும் குக்கும்தான் உயிர் காக்கும் படகில் பயணிகளை ஏற்ற வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியில் 'கோஸ்டா கன்கார்டியா' கவிழ்ந்து இறந்த 32 பேரில் இந்திய ஊழியரும் ஒருவர். அதனால்தான் கப்பல் ஏறும் முன் தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சி எல்லாம். அதை 'சர்டிபிகேட் மட்டும் குடுங்க சார்' என்று வாங்குறது தன் கழுத்துக்குத் தானே கயிறு.

ஏஜென்ட் காசு கேட்டால்?

கொடுக்கக் கூடாது. வேலை வாங்கித் தரக் கூலி வாங்குவது அந்த சர்வதேச ஒப்பந்தப்படியே தப்பு. பாஸ்போர்ட், மெடிக்கல், சி.டி.சி. எனப்படும் கடலோடி புத்தகம் இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. விசா செலவு கூடக் கம்பெனியுடையது. இங்கே ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கணும். அவங்க வெப்சைட்டிலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். 'லைசென்ஸ் பெரிய ஆபீஸ்ல இருக்கு, நான் சப்-ஏஜென்ட்' என்று ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து 2 லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

உடம்பு முடியாமல் போனால் கம்பெனி சும்மா கழற்றிவிட முடியாது. நோய் வந்த நாளில் இருந்து குறைந்தது 16 வாரம் வரை வைத்தியச் செலவு அவர்கள் பொறுப்பு. கப்பலை முதலாளி அம்போ என்று விட்டுவிட்டால், 2017 ஜனவரியில் அமலான திருத்தப்படி 4 மாசம் வரை சம்பள பாக்கி இன்சூரன்ஸில் இருந்து கிடைக்கும். இதையெல்லாம் கேட்க கையில் பேப்பர் வேணும். கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்டின் ஜெராக்ஸ், கப்பல் பெயர், அதன் ஐ.எம்.ஓ. நம்பர், ஏஜென்ட்டின் லைசென்ஸ் நம்பர் இந்த நாலும் பையன் விமானம் ஏறும் முன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விட வேண்டும்.