ஒரு வாக்கின் பெறுமதி

தோல்வி நிச்சயமென்று தெரிந்தும் அளிக்கும் வாக்கு வீணென்பாருக்கு, ஹன்னா சுகோட்ஸ்கா அம்மையாரின் வாழ்க்கையையே நாம் மறுமொழியாகக் காட்டுவோம்.

போலந்தின் அரசியலமைப்புச் சட்ட அறிஞரான இவர், 1982இல் ‘சொலிடாரிட்டி’ தொழிற்சங்கத்தைக் கலைத்த சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்த மிகச் சிலருள் ஒருவர். சட்டம் நிறைவேறியது. ஆயினும் பத்தாண்டுகளின்பின், அவ்வியக்கத்தின் வழிவந்த கட்சிகளே அவரை நாட்டின் முதற் பெண் பிரதமராக்கின. 1993 மே மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கினால் தோற்றதும் பதவி துறக்க முன்வந்தார். பின்னர் நீதி மந்திரியாகவும், 2001 முதல் 2013 வரை வத்திக்கானில் தூதுவராகவும் பணிபுரிந்தார்.

சிறுபான்மையாய் நின்றும் மனச்சாட்சி வழுவாமை, பெரும்பான்மை இழந்ததும் பதவியைப் பற்றாமை: இவ்விரண்டுமே ஜனநாயகத்தின் உயிர். பதவிக்காக வாய்மூடியிருக்கும் பிரதிநிதிகள் இதனைச் சிந்திப்பார்களாக!