படிக்காமல் எழுதிய குறிப்பு

முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். அங்கே ஒரு வகை அதிகாரி உண்டு. கோப்பைத் திறக்கவே மாட்டார். மேலட்டையில் யார் பெயர் என்று பார்ப்பார், "ஏற்க இயலாது" என்று குறிப்பு எழுதிவிடுவார். அந்த ஒரு வரிக்குக் காரணம் தேடி எங்களைப் போன்றவர்கள் பழைய அரசாணைகளைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். பிரபல எழுத்தாளர் யாரையாவது சொல்லி "அவரெல்லாம் ஒரு எழுத்தாளரா?" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி காலமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவளுடைய பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் புத்தகங்கள். பெரும்பாலும் ரமணிசந்திரன். கொஞ்சம் சாண்டில்யன், கொஞ்சம் ராஜேஷ்குமார், 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், சுஜாதா நாலைந்து. சும்மா பூச்சி அரிப்பதற்கு நாலு பேர் படிக்கட்டுமே என்று இரண்டு கட்டைப் பையில் போட்டு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் ஒரு படிப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எனக்குப் பழக்கமானவர். பைக்குள் கையை விட்டு இரண்டு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கல்கியை வேணும்னா வச்சிட்டுப் போங்க. மத்ததெல்லாம் குப்பை. பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டிருங்க."

"இதுல நீங்க எதை வாசிச்சிருக்கீங்க சார்?"

"இதையெல்லாம் வாசிச்சு வேற பாக்கணுமாக்கும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்கியையும் சேர்த்துத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் மனசு கொதித்தது. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. அந்த வார்த்தை அவருடையது இல்லை, என்னுடையது. இந்த வீட்டில் முப்பது வருஷமாக நான் சொன்ன வார்த்தை.

என் அப்பா சுரண்டைப் பக்கத்திலிருந்து காரைக்காலுக்குக் கடை வைக்கப் போனவர். அதனால் நான் படித்தது பிரெஞ்சு வழியில். வகுப்பில் ராசீனும் கொர்நெய்யும் நடத்துவார்கள். மேஜைக்கு அடியில் நாங்கள் படித்தது அலெக்ஸாந்தர் துய்மா. 'மூன்று துப்பாக்கி வீரர்கள்', 'மோந்த்தெ கிறிஸ்த்தோ பிரபு' எழுதியவர். எங்கள் ஆசிரியர் ஒரு தடவை என்னிடமிருந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி, இரண்டு விரலால் எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் பத்திரிகையில் துண்டு துண்டாக வந்த கதை இலக்கியம் இல்லை என்பது அவர் கட்சி.

துய்மா அப்படித்தான் எழுதினார். 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' 1844-ல் பாரிஸின் 'லெ சியேக்ல்' நாளிதழில் தொடராக வந்தது. அடுத்த வருஷமே மிர்கூர் என்பவர், துய்மா நடத்துவது நாவல் தொழிற்சாலை, ஆள் வைத்து எழுதி விற்கிறார் என்று ஒரு துண்டுப் புத்தகம் போட்டார். குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. மாக்கே என்ற கூட்டாளி கதைக்கு எலும்புக்கூடு கட்டிக் கொடுத்தார், அவர் பெயர் அட்டையில் வரவில்லை. ஆனால் மிர்கூர் அதோடு நிறுத்தவில்லை. துய்மாவின் பாட்டி கரீபியத் தீவில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அந்த ரத்தத்தை இழுத்து வைத்து அசிங்கமாக எழுதினார். வழக்குப் போட்டார் துய்மா, மிர்கூருக்குப் பதினைந்து நாள் சிறை. 2002 நவம்பர் 30 அன்று துய்மாவின் எச்சங்களை எடுத்துவந்து பாரிஸ் பாந்தியோனில், வொல்தேரும் யூகோவும் இருக்கிற இடத்தில், அரசு மரியாதையோடு வைத்தார்கள். எங்கள் ஆசிரியர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் பெருமையாகச் சொல்வேன். அடுத்த நிமிஷமே அவள் கையிலிருக்கும் ரமணிசந்திரனைப் பார்த்து "குப்பை" என்பேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "உங்க துய்மாவும் பத்திரிகைக்குத் துண்டு துண்டா எழுதுனவருதானே? நீங்கதானே சொன்னீங்க? அங்க வெள்ளைக்காரன் கத்திச்சண்டை போட்டா இலக்கியம், இங்க ஒரு பொண்ணு அழுதா குப்பையா?" எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அவளுடையது. என்னிடம் பதில் இல்லை, காப்பி ஆறிப்போகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

பிரபலமானவர்களைத் திட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் திட்டலாம். புதுமைப்பித்தன் கல்கியைச் சாடினார். க.நா.சு. சாடினார். அகிலனின் 'சித்திரப்பாவை'க்கு 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்து, தமிழுக்கு முதல் ஞானபீடம் என்று ஊரே கொண்டாடியபோது சுந்தர ராமசாமி கடுமையாக மறுத்து எழுதினார். இவர்களெல்லாம் படித்துவிட்டுத் திட்டினார்கள். க.நா.சு. படித்த அளவுக்கு நம்மில் ஒருத்தர் ஒரு ஜென்மத்தில் படிக்க முடியாது. இன்றைக்கு முகம் சுளிப்பவர்கள் அவருடைய தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அவர் பட்ட பாட்டை விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தின் பாடல்களில் பெரும்பகுதி கம்பன் எழுதியதே இல்லை என்று ஒதுக்கித் தள்ளினார். பண்டிதர்கள் கொதித்துப்போனார்கள். அவர் செய்தது சரியா தப்பா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு பாட்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதால் கேட்டு, அப்புறம்தான் வேண்டாம் என்றார். அதே டி.கே.சி.தான் ஜனங்கள் வாராவாரம் காத்திருந்து படித்த கல்கிக்கு நெருங்கிய நண்பர். கல்கியும் குற்றாலத்துக்கு வந்துபோனவர்தான். 1954-ல் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

எனக்கும் பிடிக்காதவை உண்டு. படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை 'கல்கி'யில் வந்தது. அவ்வளவு நீளத்துக்குப் பின்னும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆசிரியர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. கல்வெட்டு சொன்ன அளவுக்குக்கூட நாவல் சொல்லத் துணியவில்லையே என்று எனக்கு ஆதங்கம். தவிர, அந்தக் கதையில் மரத்துக்கு ஒருவர் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கிறார். சாண்டில்யனில் கப்பல் வரும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன். கதாநாயகி வந்துவிட்டால் அவளுடைய இடையைத் தாண்ட நாலு பக்கம் ஆகும், அதற்குள் எதிரிப் படை கோட்டையைப் பிடித்துவிடலாம். சுஜாதாவின் நடை எனக்கு உயிர். ஆனால் அவருடைய வசந்த் ஒரு பெண்ணைப் பார்த்ததும் அடிக்கிற ஜோக்குகளை இன்றைக்கு என் பேத்திக்குப் படித்துக்காட்ட முடியாது. ரமணிசந்திரனில் பணக்காரக் கதாநாயகன் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டு வார்த்தையால் சுடுவதும், கடைசியில் அவள் எல்லாவற்றையும் மன்னிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

இவை புத்தகத்தின்மேல் உள்ள குறைகள். ஆனால் 'பிடிக்கவில்லை' என்பதற்குப் பின்னால் வேறு சங்கதிகளும் ஒளிந்திருக்கும். சுஜாதா 1857 கலகத்தை வைத்துக் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எழுத ஆரம்பித்தபோது, சாதியைப் புண்படுத்திவிட்டார் என்று எதிர்ப்புக் கிளம்பித் தொடரையே நிறுத்த வேண்டிவந்தது. பிற்பாடு 'ரத்தம் ஒரே நிறம்' என்று மாற்றி எழுதினார். கதை போகும் திசை தெரிவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' விஷயத்திலும் பலர் பார்த்தது யாரோ நகலெடுத்துக் கொடுத்த சில பக்கங்களைத்தான். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விட்டுவிட வாசகனுக்கு வழி இருக்கிறதே என்ற கருத்தில்தான் அந்த வழக்கை முடித்தது.

இதைவிடப் பரவலான வியாதி ஒன்று உண்டு. அதில் எழுத்தாளரைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம், அவரைப் படிக்கிறவர்களைப் பிடிக்காததுதான். மிர்கூர் துய்மாவின் பாட்டியைப் பார்த்தார். நம் ஆட்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்குகிறவனைப் பார்க்கிறார்கள், அடுப்படியில் ரமணிசந்திரன் படிக்கிறவளைப் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் தானும் நிற்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். நான் என் மனைவியைக் கேலி செய்ததும் இதனால்தான். பிரெஞ்சு படித்தவன் வீட்டில் இதெல்லாமா என்று வருகிறவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கவலை.

நான் ஓய்வுபெற்று சுரண்டைக்கு வந்த பிறகு, மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். கல்யாணத்துக்கு முன் அவளும் பீடி சுற்றியவள்தான். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு, கையை ஒரு நிமிஷம் எடுக்க முடியாது. அதனால் இவள் வாசிப்பாள், அவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். நான் உள்ளே ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு மனசுக்குள் சிரிப்பேன்.

பல வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தேன். கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1860-களிலிருந்தே ஒரு வழக்கம்: ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து வாசிப்பார், நூற்றுக்கணக்கானவர்கள் சுருட்டு சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்குச் சம்பளம் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தது. அவர்கள் விரும்பிக் கேட்ட கதைகளில் ஒன்று 'மோந்த்தெ கிறிஸ்த்தோ'. 1935-ல் வந்த புகழ்பெற்ற சுருட்டு ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். எங்கள் ஆசிரியர் எலியைப் போலத் தூக்கிக்கொண்டு போனாரே, அதே புத்தகம். அதைப் படித்தபோது ஹவானா கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் திண்ணைதான் தெரிந்தது. ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தோற்றதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே.

கேட்பவர்கள் எதையும் அப்படியே விழுங்குகிறவர்களும் இல்லை. கதாநாயகன் கத்துகிற கட்டம் வந்தபோது ஒருத்தி கையை நிறுத்தாமல் சொன்னது என் காதில் விழுந்தது: "இந்த மாதிரி ஆள எங்க வீட்லயே பாத்தாச்சு ஆச்சி. அவ எதுக்கு மன்னிக்கா? அடுத்த புஸ்தகத்துலயாவது ரெண்டு அறை விடச் சொல்லுங்க." நான் மேலே ஒரு பத்தியாக எழுதிய குறையை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அவளுக்கு அதைச் சொல்லப் பாத்தியதை உண்டு. கடைசிவரை கேட்டவள்.

இப்போது அந்த இரண்டு பையும் திண்ணையில்தான் இருக்கின்றன. போன மாதம் அந்தப் பெண்கள் திரும்ப வந்தார்கள். வாசிக்க ஆள் இல்லை, என்னை வாசிக்கச் சொன்னார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "தாத்தா, நோட்டீஸ் படிக்கிற மாதிரி படிக்காதீங்க. ஆச்சி படிச்சா எங்களுக்கு அழுகை வரும்."

இன்னும் சரியாக வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

வாத்தியார் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒருநாள் மத்தியானம் இந்தப் பக்கம் வாருங்கள். பையிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அதற்கப்புறமும் அது குப்பைதான் என்றால் வந்து சொல்லுங்கள், நானே பழைய பேப்பர்காரனிடம் போடுகிறேன். கோப்பைத் திறக்காமல் குறிப்பு எழுதுவது மட்டும் வேண்டாம். அந்தத் தப்பை நான் முப்பது வருஷம் செய்தேன், திருத்திக்கொள்ளும்போது கேட்க வேண்டியவள் இல்லை.