பேரவை நாற்காலிக்கு ஒரு தபால்தலை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தபால்தலை சேகரிப்போர் சங்கம், சென்னை.

பெறுநர்:
1. முதன்மைத் தலைமை அஞ்சல்துறைத் தலைவர் அவர்கள், தமிழ்நாடு வட்டம், சென்னை 600002.
2. செயலாளர் அவர்கள், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைச் செயலகம், சென்னை 600009.

பொருள்: சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 2027-இல் நினைவுத் தபால்தலை வெளியிடுதல், சட்டமன்றம் தொடர்பான பழைய அஞ்சல் உறைகளைப் பாதுகாத்தல் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சென்னைச் சட்டமன்றத்தில் முழங்கியவர்கள் பலருக்கு அஞ்சல்துறை தனித்தனியே தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்திருக்கிறது. அண்ணாவுக்கு 1970-இலும், ராஜாஜிக்கு 1973-இலும், காமராசருக்கு 1976-இலும், தீரர் சத்தியமூர்த்திக்கு 1987-இலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 1989-இலும் வெளிவந்தவை எங்கள் உறுப்பினர்களின் ஆல்பங்களில் உள்ளன. இவர்கள் பேசிய அவையையே பொருளாகக் கொண்ட தபால்தலை ஒன்றை வேண்டி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

2027-ஐக் குறிப்பிட்டுக் கேட்கக் காரணம் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சட்ட மேலவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1927-இல். மாகாணத்துக்கு அப்போது இருந்தது அந்த ஓர் அவைதான். பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானத்தை 1921-இலேயே நிறைவேற்றிய அவை, ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறுப்பு ஒன்றிலும் ஒரு பெண்ணை அமர்த்தியது. அதற்கு 2027-இல் நூறாண்டு நிறைகிறது. ஈரவை முறை வந்தபின் சட்டப் பேரவை முதன்முறையாகக் கூடிய 1937 ஜூலைக்கும் அதே ஆண்டில் 90 நிறைகிறது. தொண்ணூறு என்பது விழா எடுக்கும் கணக்கல்ல என்று டெல்லியில் சொல்லக்கூடும். நூறைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

வடிவமைப்பு குறித்தும் ஒரு வேண்டுகோள். சட்டமன்றம் என்றதும் கோட்டையின் தூண்களை வரைந்துவிடுவது எளிது. ஆனால் நம் அவை ஓரிடத்தில் நிலைத்து இருந்ததில்லை. 1937-இல் பல்கலைக்கழக செனட் மண்டபம், பின்னர் இன்றைய ராஜாஜி மண்டபம், 1952-க்குப் பிறகு சில ஆண்டுகள் அரசினர் தோட்டம், 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடம், பெருந்தொற்றுக் காலத்தில் கலைவாணர் அரங்கம் என்று பல இடங்களில் கூடியிருக்கிறது. 1959 ஏப்ரலில் உதகமண்டலத்துக்கே போய் அரண்மூர் மாளிகையில் கூடியது. ஆகவே ஒரு கட்டடத்தை வரைந்தால் மற்றவை விடுபட்டுப் போகும்.

அதைவிடப் பொருத்தமானது பேரவைத் தலைவரின் நாற்காலி. ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் துணைவியாரும் 1922 மார்ச் 6-இல் அளித்த அந்த வேலைப்பாடு மிக்க ஆசனம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இதற்கு வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் முதல் தேர்தல் அவை கூடி 200 ஆண்டு ஆனதை ஒட்டி, கனடா 1958-இல் வெளியிட்ட 5 சென்ட் தபால்தலையில் அவைத் தலைவரின் நாற்காலியும் செங்கோலும்தான் இடம்பெற்றன. ஒரு மாகாண அவைக்காக நாடு முழுவதற்குமான அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது என்பதையும் தங்கள் பரிந்துரையில் சுட்டிக்காட்டலாம்.

தபால்தலைக்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டும் என்பதை அறிவோம். சிறப்பு உறையும் படமுத்திரையும் வெளியிட வட்ட அளவிலேயே வழி இருக்கிறது. மேற்சொன்ன இடங்களுக்கு அருகிலுள்ள அஞ்சலகங்களில், உதகை உட்பட, ஒரே நாளில் படமுத்திரை இட ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். முதல் நாள் உறையோடு தரும் தகவல் ஏடு தமிழிலும் இருக்க வேண்டும். தமிழில் நடக்கும் அவையின் வரலாற்றைத் தமிழர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படிக்க நேர்வது முறையாகாது.

இரண்டாவது பெறுநரிடம் தனியாக ஒன்று. அலுவலகங்களில் கடிதம் கோப்பில் சேரும், உறை குப்பைக்குப் போகும். அஞ்சல் வரலாறு எழுதுவோருக்கோ உறைதான் ஆவணம்: அதில் ஒட்டிய சர்வீஸ் தபால்தலை, தேதி முத்திரை, அச்சிட்ட அலுவலகப் பெயர். 1969 ஜனவரி 14-இல் மாநிலத்தின் பெயர் மாறியபோது பழைய பெயர் அச்சிட்ட உறைகளை என்ன செய்தார்கள் என்பதுகூட உறைகள் இருந்தால்தான் தெரியும். பேரவைச் செயலகத்திலும் பேரவை நூலகத்திலும் எஞ்சியுள்ள பழைய உறைகளைக் கழிவுத்தாளோடு ஏலம் விடாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறோம். அவற்றை இனம்பிரித்துப் பட்டியலிட எங்கள் மூத்த உறுப்பினர்கள் ஊதியமின்றி வரத் தயாராக உள்ளனர்.

தபால்தலை ஆலோசனைக் குழுவின் பரிசீலனைக்குக் காலம் பிடிக்கும். ஆதலால் முன்மொழிவை இந்த நிதியாண்டுக்குள் டெல்லிக்கு அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்கம் அளிக்க ஒரு நாள் ஒதுக்கினால், நாற்காலியின் மாதிரி வரைபடத்தோடு வந்து தங்களைச் சந்திப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்