கணக்கு நோட்டு யார் கையில்?

காஞ்சிபுரம் நெசவாளிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை: கணக்கு நோட்டு எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில்தான் நெசவாளியின் குடுமி இருக்கிறது. பாவையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கும்போது எழுதுகிறவன் முதலாளி. நெய்த சேலையைக் கொண்டுபோனால், எடை போட்டுப் பார்த்து, "குறைகிறது" என்று எழுதுகிறவனும் முதலாளி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணம் ஏன் கரையவே மாட்டேன் என்கிறது என்பது அந்த நோட்டுக்குத்தான் வெளிச்சம். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்தவர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

அந்த நோட்டு இன்று யந்திரத்துக்குள் போய்விட்டது. ரேஷன் அட்டை, பட்டா, பிராவிடண்ட் பண்டு, பாங்கிக் கணக்கு, கூலி விவசாயியின் வேலை நாள் அனைத்தும் கம்ப்யூட்டருக்குள். அங்கே அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். "அதெல்லாம் சாப்ட்வேர்காரர்கள் சமாச்சாரம், ஆலைத் தொழிலாளிக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள் சில மேதாவிகள். குடுமி எங்களுடையது ஐயா, அதுதான் வேலை!

இதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. ஒரு அட்டவணையில் நெசவாளிகளின் பெயர். இன்னொன்றில் கொடுத்த பாவும் ஜரிகையும். மூன்றாவதில் கொடுத்த கூலி. மூன்றையும் உறுப்பினர் எண்ணால் கோர்த்துவிட்டால், ஒரு கேள்விக்கு ஒரு நொடியில் பதில் வரும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரு நாடா ஓட்டி, பிரிக்க முடியாதபடி கோர்வை போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா? இந்த முறையை 1970-ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த காட் என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரையாக எழுதி, உலகத்தார் படிக்க அச்சிலேயே வெளியிட்டார்.

வெளியிட்டதைக் காசாக்கியது யார்? லாரி எல்லிசன் என்ற அமெரிக்க முதலாளி. 1977-ல் கூட்டாளிகளுடன் கம்பெனி தொடங்கி, ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைகளை வைத்துக்கொண்டே சரக்கு தயாரித்தார். அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வுக்காக முன்பு வேலை செய்த ஒரு திட்டத்தின் பெயரை எடுத்து, சரக்குக்கு 'ஆரக்கிள்' என்று நாமகரணம் சூட்டினார். பொதுவில் கிடந்த அறிவை எடுத்து, வேலி போட்டு, உள்ளே வர லைசென்ஸ் கட்டணம் வாங்கினார். பாங்கியும் ரயிலும் சர்க்காரும் வரிசையில் நின்று கட்டின.

வேலிக்கு வெளியே வேறொரு கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில், ஜனங்களின் வரிப்பணம் சேர்ந்த ஆராய்ச்சியாக, 1986-ல் 'போஸ்ட்கிரஸ்' என்ற டேட்டாபேஸ் வேலை தொடங்கியது. சர்வகலாசாலை கைகழுவிய பிறகு, 1996 முதல் பல தேசத்துத் தொண்டர்கள் அதை எடுத்து நடத்துகிறார்கள். அதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் பொருந்தி ஆளைக் குழப்பும். தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது ஓட்டுப் போடுகிற எவருக்கும் தெரியும்.

தனிச் சொத்து இல்லையென்றால் எவனும் வேலை செய்யமாட்டான் என்பது முதலாளிப் பத்திரிகைகளின் நித்திய பஜனை. சொந்தக்காரன் இல்லாத இந்தப் போஸ்ட்கிரஸ் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு புதிய பதிப்பு கண்டு, 2025 செப்டம்பர் 25-ல் 18-வது பதிப்பை வெளியிட்டது. அதே செப்டம்பரில், பங்குச் சந்தைக் கணக்குப்படி எல்லிசன் சிறிது நேரம் உலகத்தின் முதல் பணக்காரராக உட்கார்ந்து எழுந்தார். அதே மாதத்தில்தான் ஆரக்கிள் கம்பெனியின் 'மைஎஸ்க்யூஎல்' பிரிவில் தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்ட செய்தியும் வந்தது.

இந்த மைஎஸ்க்யூஎல் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். 1995-ல் ஸ்வீடனில் பிறந்த டேட்டாபேஸ் இது. கட்டற்றது என்ற பெயரோடு உலகமெங்கும் பரவியது. பயன்படுத்தியவர்கள் பிழை கண்டு சொன்னார்கள், திருத்தம் எழுதினார்கள், புத்தகம் எழுதினார்கள். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' என்ற புத்தகத்தைக் கணியம் குழுவினர் எவரும் காசில்லாமல் படிக்க வெளியிட்டார்கள். உழைப்பு ஆயிரமாயிரம் பேருடையது. பதிப்புரிமைப் பத்திரம் மட்டும் ஒரே கம்பெனியின் பெட்டியில்! விளைவு? 2008-ல் அந்தக் கம்பெனி சுமார் 100 கோடி டாலருக்கு 'சன்' கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2009-ல் சன் கம்பெனியையே 740 கோடி டாலருக்கு விலை பேசி, 2010 ஜனவரியில் ஆரக்கிள் விழுங்கியது. வேலிக்காரனே பக்கத்துத் தோப்பையும் வாங்கிவிட்டான். ஐரோப்பிய கமிஷன் சில மாதம் விசாரணை நடத்தி, ஆரக்கிள் கொடுத்த வாக்குறுதிகளைக் கேட்டுக்கொண்டு, ஆசீர்வதித்து அனுப்பியது.

மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய வைடினியஸ் என்பவர், "காப்பாற்றுங்கள்!" என்று உலகமெங்கும் கையெழுத்து இயக்கம் நடத்தினார். முதல் விற்பனையில் பங்கு பெற்றவரும் அவரேதான். அந்த வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அவர் செய்த நல்ல காரியம் இன்னொன்று. உள்ளமைப்பைப் படியெடுத்து, 2009-ல் 'மரியாடிபி' என்று தனிக்குடித்தனம் தொடங்கினார். லைசென்ஸ் அதை அனுமதித்தது. ஆரக்கிளால் தடுக்க முடியவில்லை. 2013-ல் விக்கிப்பீடியா, நம் தமிழ் விக்கிப்பீடியா உட்பட, அங்கே குடிபெயர்ந்தது. பெயர்ப்பலகையை விற்றுவிட்டார்கள், ஜனங்கள் எழுந்து பக்கத்துத் தெருவில் சங்கம் வைத்தார்கள். ஆனால் மரியாடிபியை நடத்த அமைந்த கம்பெனி 2022-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போய், 2024-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கம்பெனி என்று வந்துவிட்டால் ஒருநாள் அதற்கு விலைச்சீட்டும் வந்தே தீரும்.

போஸ்ட்கிரஸை வாங்க முடியாது. அதை விற்க ஒருவன் இல்லை. ஆகவே முதலாளித்துவம் வேறு வழி பிடித்திருக்கிறது. நிலத்தை வாங்க முடியாவிட்டால் உழுகிறவனை வாங்கு! 2025 மே மாதத்தில், போஸ்ட்கிரஸை வைத்துத் தொழில் நடத்திய 'நியான்' கம்பெனியைச் சுமார் 100 கோடி டாலருக்கு 'டேட்டாபிரிக்ஸ்' வாங்குவதாக அறிவித்தது. அடுத்த மாதமே 'கிரஞ்சி டேட்டா'வை வாங்குவதாக 'ஸ்னோஃப்ளேக்' அறிவித்தது. இன்று போஸ்ட்கிரஸுக்கு எழுதும் பலருக்குச் சம்பளம் கொடுப்பவை கம்பெனிகளே. அமேசானின் 'ரெட்ஷிஃப்ட்' போஸ்ட்கிரஸை அடித்தளமாகக் கொண்டு எழுப்பப்பட்டது. தளம் எல்லாருக்கும் பொது, மாடி அமேசானுக்கு! போஸ்ட்கிரஸின் லைசென்ஸ் எடுப்பதைத் தடுக்காது. திருப்பிக் கொடு என்று கேட்கவும் கேட்காது. மைஎஸ்க்யூஎல்லின் லைசென்ஸ் கேட்கும். பிறருக்கு வினியோகித்தால் உன் திருத்தங்களையும் திறந்து கொடு என்னும். அதையும் தாண்ட வழி கண்டுவிட்டார்கள். மென்பொருளை வினியோகிப்பதே இல்லை. தங்கள் யந்திரத்திலேயே ஓட்டி, மாத வாடகை வசூலிக்கிறார்கள்.

ஆகவே, "கம்ப்யூட்டரில் பொதுவுடைமை வந்துவிட்டது, கொண்டாடுங்கள்" என்று சொல்லும் நண்பர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு. ஆதார் யந்திரத்தில் மைஎஸ்க்யூஎல் முதலிய கட்டற்ற மென்பொருள்கள்தான் ஓடின. அதனால் ரேகை தேய்ந்த கிழவிக்கு ரேஷன் அரிசி கிடைத்துவிட்டதா? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போனில் படம் பிடித்தால்தான் வருகை என்றார்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். காடு மேட்டில் மண் சுமந்தவளின் பெயர் அட்டவணையில் பொருந்தவில்லையென்றால், அவள் உழைத்த உழைப்பு உழைப்பே இல்லை! 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது மோடி சர்க்கார். கணக்கு எழுதும் பேனா பொதுச் சொத்தாக இருக்கலாம். எழுதுகிற கை எவனுடையது என்பதுதானே கேள்வி?

இந்தக் கேள்வி நம் ஜில்லாவுக்குப் பழசு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு நிற்கக்கூடாது, அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. மந்திரிகள் இந்தக் கல்வெட்டைப் புகழ்ந்து பேசாத மேடை இல்லை. ஆனால் கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று என்பதையும் அதே கல் சொல்கிறதே! அந்த நிலத்தை உழுத பண்ணையாள் கணக்குக் கேட்க முடிந்ததா? சுவரில் எல்லாரும் பார்க்க எழுதினால் மட்டும் போதாது.

1960-களில் கல்கத்தா எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டர் உள்ளே வராமல் இரவுபகலாகக் காவல் இருந்ததைச் சொல்லி, "அன்று எதிர்த்தவர்கள் இன்று கம்ப்யூட்டர் பேசுகிறார்கள்" என்று சிலர் கேலி செய்கிறார்கள். யந்திரம் வந்தால் எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள், ஆதாயம் யாருக்கு என்று அன்று கேட்டோம். இன்றும் அதையேதான் கேட்கிறோம். கேரளத்தில் 2006-ல் வந்த இடது முன்னணி சர்க்கார் கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாக ஏற்றது. அங்கே மின்வாரியத்தின் 'ஒருமா' பில் கணக்கை வாரிய ஊழியர்களே கட்டற்ற மென்பொருளில் உருவாக்கினார்கள். வெளிக் கம்பெனிக்குக் கப்பம் கட்டாமல் தொழிலாளியே கணக்கு யந்திரத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காஞ்சியிலும் ஆள் இல்லாமல் இல்லை. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருகிறார்கள், கட்டணம் கிடையாது. கைத்தறித் தொழிலாளர் சங்கம் இவர்களைத் தேடிப் போகவேண்டும். அவர்களும் தறிக்குழிக்கு வந்து, கூலிக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும்: சங்கக் கணக்கு எந்த மென்பொருளில் இருக்கிறது? அதன் உள்ளமைப்பு சங்கத்திடம் உண்டா, விற்ற கம்பெனியிடமா? கம்பெனி கடையைக் கட்டினால் நம் கணக்கு என்ன ஆகும்? இன்னொன்றும் கேட்கட்டும். பாவு எத்தனை எடை, ஜரிகை எத்தனை மார்க், கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எதற்காகப் பிடித்தம் என்று ஒவ்வொரு நெசவாளிக்கும் அவர் பக்கம் தமிழில் அச்சாகி, மாதந்தோறும் கையில் வரவேண்டும். அதில் தவறு கண்டால் திருத்தச் சொல்லும் உரிமையும், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவும் வேண்டும். டேட்டாபேஸுக்கு இது சுலபமான வேலை. மறுப்பு வந்தால் அது யந்திரத்திடமிருந்து வராது. மறுக்கிறவர் யார் என்பதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.