புத்தி மழுங்குவது தலைவிதியா?

அறுபதைத் தாண்டினால் புத்தி மழுங்குவது தலைவிதி என்கிறார்கள். சுத்தப் பொய்!

பின்லாந்தில் மறதிநோய் அபாயமிருந்த, 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரண்டாண்டுகள் ஆராய்ந்தனர். ஒரு பகுதியினருக்கு உணவு வழிகாட்டல், உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தச் சோதனை எல்லாம் கிடைத்தன. மற்றவர்களுக்குப் பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டுமே. 2015ல் வெளியான முடிவு என்ன? முதல் பகுதியினரின் சிந்தனைத் திறன் கூடுதலாக முன்னேறியது.

ஆனால், முதுகொடிய உழைத்து அரைவயிற்றுக் கஞ்சியோடு படுக்கும் முதிய தொழிலாளியிடம் “பழம் சாப்பிடு, புத்தகம் படி” என்று உபதேசித்தால் போதுமா? வயிறாரச் சாப்பிடப் பென்ஷன், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, ஊருக்கொரு படிப்பகம் வேண்டும். இவற்றைத் தருவது சர்க்காரின் கடமை. தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக்கிப் போராட வேண்டும்!